தலை குனியும் இடம்

பேராக்கில் பாகான் செராய் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன டவுன் எங்களுடையது. இங்கே பங்குக் கோயில் ஆபீசில் எனக்குக் கிராணி வேலை. பாடகர் குழுவுக்கு ஆர்கன் வாசிப்பதும் ஒத்திகை வைப்பதும் அதோடு சேர்ந்தே வந்தன. 12 வருஷமாகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசை தனி, இங்கிலீஷ் பூசை தனி. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே பூசை. தமிழர், சீனர், ஃப்ளோரஸ் தீவிலிருந்து செம்பனை வெட்ட வந்திருக்கிற இந்தோனேசியர் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். அதனால் எந்த மொழிக்கு எத்தனை பாட்டு என்ற பேச்சு தவக்காலம் முழுக்க ஓயாது.

முதல் வருஷம் நான், அன்றைக்கு நற்கருணை அப்பத்தை ஏந்திப் போகும் பவனிக்கு 'பாஞ்சே லிங்குவா' என்ற லத்தீன் பாட்டை எடுத்துவிட்டு முழுக்கத் தமிழில் வைத்தேன். லத்தீன் யாருக்குப் புரிகிறது என்று நினைத்தேன். பவனியில் பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. பூசை முடிந்ததும், அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் என்னிடம் வந்து, "தாந்தும் எர்கோ எங்க தம்பி? லயத்துல எங்கப்பா சொல்லிக் கொடுத்தது" என்றார். 'பாஞ்சே லிங்குவா'வின் கடைசி இரண்டு கண்ணிகள்தான் அது. அங்கேயே நின்று மெல்லப் பாடியும் காட்டினார். 'வெனெரேமூர் செர்னூயி' என்ற இடம் வந்ததும் அவர் தலை தானாகக் குனிந்தது. அந்த வார்த்தைகளுக்கு, தாழ்ந்து குனிந்து வணங்குவோம் என்றுதான் பொருள். அது பாட்டிக்குத் தெரியாது, ஆனாலும் சரியான இடத்தில் குனிந்தார்.

உலகத்துக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் லத்தீனைத் தூக்கிப் போட்டுவிட்டது என்றே நான் அதுவரை நம்பியிருந்தேன். 1963 டிசம்பர் 4-ல் வந்த அதன் திருவழிபாட்டு ஏட்டைப் படித்தபோதுதான், தாய்மொழிக்கு வழிவிட்ட அதே ஏடு, மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை லத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ தெரிந்திருக்க வேண்டும் என்கிறது என்று தெரிந்தது. 1974-ல் பாப்பரசர் ஆறாம் பவுல், எளிய லத்தீன் பாடல்களைச் சின்னப் புத்தகமாகத் தொகுத்தே எல்லா ஆயர்களுக்கும் அனுப்பியிருக்கிறார்.

அடுத்த வருஷம் லத்தீன் பாட்டைத் திரும்ப வைத்தேன். ஒத்திகையில் ஒரு பையன், "அண்ணே, வெள்ளைக்காரன் பாட்டு நமக்கெதுக்கு?" என்றான். நியாயமான கேள்விதான். 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான தாமஸ் அக்குவினாஸ் எழுதிய பாட்டு அது, மலாயாவுக்குப் பிரெஞ்சுக் குருக்கள் கொண்டுவந்தார்கள். ஆனால் நாம் தமிழில் பாடும் 'மாண்புயர் இவ்வருட்சாதனத்தை'யும் அதே 'தாந்தும் எர்கோ'தான். 'கீரியே' கிரேக்கம், 'ஓசன்னா' எபிரேயம், நம் பாட்டிமார் சிலுவைக்குச் சொல்லும் குருசு போர்த்துகீசியர் விட்டுப்போனது. இதையெல்லாம் சொல்லி, வரிக்கு வரி தமிழை எதிரில் எழுதி வைத்துத்தான் பழக்கினேன். பொருள் தெரியாமல் வாயசைக்க வைப்பதில் எனக்கு இஷ்டமில்லை. முழுப் பூசையும் லத்தீனில் வேண்டும் என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, நற்செய்தி ஜனங்களுக்குப் புரிய வேண்டும்.

அந்த வியாழன் இரவு பவனி கிளம்பியதும் பின்வரிசையிலிருந்து ஃப்ளோரஸ்காரர்கள் தாளே பார்க்காமல், இரண்டாம் குரல் சேர்த்துப் பாடினார்கள். சீனப் பெரியவர்களும் கூடவே வந்தார்கள். யார் மொழி முதலில் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அந்தப் பாட்டு அங்கே யாருக்குமே சொந்த மொழி இல்லையே.

பாட்டி இப்போது இல்லை. பாட்டுத் தாளில் 'செர்னூயி'க்கு மேலே பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அது என்ன என்று கேட்டால் பாட்டியைப் பற்றிச் சொல்வேன், அப்புறம்தான் ஆர்கனைத் திறப்பேன்.