மூன்றாம் நம்பர் ஷூ

வியாசர்பாடியில் ஒரு பழைய வீட்டின் முன்னறைதான் எங்கள் கிடங்கு. மழை வந்தால் ஒரு மூலையில் ஒழுகும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் சிறிய அமைப்பு ஒன்றில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஆடச் சொல்லிக்கொடுப்பது மாஸ்டர். நன்கொடையாக வரும் மூட்டைகளைப் பிரிப்பது நான்.

முதல் வருடம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து 140 ஜோடி ஷூ வந்தது. அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. மறுநாள் பிரித்து அடுக்கினால் முக்கால்வாசி 8, 9, 10. எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது 2 முதல் 5 வரை. யாரையும் குறை சொல்ல முடியாது. வேலைக்குப் போகிறவர்கள் கொடுத்தால் அவர்கள் கால் அளவில்தானே வரும்? சின்ன ஷூ எல்லாம் வீட்டிலேயே அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

அதிலும் கொஞ்சம் நல்ல பூட்ஸ் இருந்தது. ஆனால் புல்தரைக்குப் போடுவது, அடியில் ஸ்டட் என்கிற நீளமான முளைகள். எங்கள் மைதானத்தில் புல்லை எங்கே தேடுவது? இறுகின மண், நடுவில் செங்கல் துண்டு. அந்தத் தரையில் ஸ்டட் மண்ணுக்குள் இறங்காது, பாதத்தைத்தான் மேலே குத்தும். அரை மணி நேரத்தில் கொப்புளம். குட்டை ரப்பர் முளைகள் வைத்த டர்ஃப் ஷூதான் எங்களுக்குச் சரி. பந்தும் அப்படித்தான். கம்பெனி பெயர் அச்சடித்த பளபளப்பான பந்துகள் வரும், எல்லாம் 5-ஆம் சைஸ். பன்னிரண்டு வயது வரைக்கும் 4-ஆம் சைஸ்தான் காலுக்கு அடங்கும். தவிர, அந்தப் பளபளப்பு இரண்டு வாரத்தில் தோல் தோலாக உரிந்துவிடும். சொரசொரப்பான நிவியா ஸ்டார்ம் பந்து ஒன்று இருந்தால் மாதக்கணக்கில் ஓடும்.

இதெல்லாம் எனக்குப் புதிதாக இருந்திருக்கக் கூடாது. 2005 ஜனவரியில், சுனாமி முடிந்த கொஞ்ச நாளில், கல்லூரி நண்பர்களோடு துணி மூட்டை ஏற்றிய லாரியில் நாகப்பட்டினம் போனேன். வழியெல்லாம் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடக்கூட இல்லை. கடலிலிருந்து சம்பாதித்துக் கௌரவமாக வாழ்ந்தவர்கள், அடுத்தவர் உடுத்திக் கழித்ததை எதற்கு எடுக்க வேண்டும்? எங்கள் மூட்டையையும் அங்கேயே இறக்கிவிட்டுத்தான் திரும்பினோம். அன்ஷு குப்தா 1999-இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அப்படி மிஞ்சிய துணிகளை எடுத்துத் தரம் பிரித்து வேறு பயனுக்கு மாற்றியது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பிரிப்பதே ஒரு வேலை என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றாதது வியாசர்பாடியிலும் தொடர்ந்தது. அந்த 140-இல் இருந்த சின்ன அளவுகளை ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்கு 6-ஆம் நம்பர். அவள் கால் 3. "பெருசா இருக்காடா கண்ணு?" என்று கேட்டதற்கு, "சரியா இருக்குக்கா" என்றாள். முனையில் நியூஸ்பேப்பரைச் சுருட்டி அடைத்திருக்கிறாள், திருப்பிக் கேட்டுவிடுவேனோ என்ற பயம். இரண்டாவது மாதம் திரும்பி ஓடும்போது கால் பிசகிக் கணுக்கால் வீங்கிவிட்டது. ஆறு வாரம் ஆட்டம் இல்லை. அவள் அம்மா இட்லிக்கடை போடுகிறவர். கோபமே இல்லாமல்தான் சொன்னார், "நீங்க குடுக்காமலே இருந்திருக்கலாம்மா. வெறுங்கால்ல நல்லாத்தான் ஓடிட்டிருந்தா."

அதற்கப்புறம் ஷூ யாருக்கும் சொந்தம் இல்லை, மைதானத்துக்குச் சொந்தம் என்று வைத்தோம். ஒரு நோட்டு: பெயர், கால் அளவு, எடுத்த தேதி. கால் வளர்ந்தால் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். வளர்கிற வயதில் ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கிறது. கொடுப்பவர்களுக்கு இப்போது பட்டியல் அனுப்புகிறேன்: 3-ஆம் நம்பர் டர்ஃப் ஷூ பதினொன்று, பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி ஒரு டஜன், பெண் பிள்ளைகளுக்கு உள்ளே போடும் ஸ்போர்ட்ஸ் பிரா இத்தனை. கடைசியில் உள்ளதை எழுதக் கூச்சப்பட்டே இரண்டு வருடம் வீணாக்கினேன். அது இல்லாததால்தான் பதின்மூன்று வயதில் பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போனார்கள். ஒருவர் போனில், "குடுக்கறதை வாங்கிக்காம லிஸ்ட்டு வேற அனுப்புறீங்களா?" என்றார். ஆமாம் சார், அனுப்புகிறேன். ஊசிக்கு மட்டும் இன்று வரை யாரும் பணம் கொடுத்ததில்லை, போட்டோவில் ஊசி தெரியாது போல.

சைஸ் தொல்லை இல்லாதது கேரம் போர்டுதான். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வென்றார். அந்த உற்சாகத்தில் எங்களுக்கும் ஒரே மாதத்தில் ஏழு போர்டு வந்தது. இரண்டு வளைந்திருந்தன, மூன்றில் ஸ்டிரைக்கர் இல்லை.

கால் பிசகிய அந்தப் பெண் குணமானதும் திரும்பி வந்தாள். புது ஏற்பாட்டில் அவளுக்கு 3-ஆம் நம்பர் கிடைத்தது. அடுத்து வந்த ஐப்பசியில், விரல் முட்டுகிறது என்று அதைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கழுவியிருந்தாள். உள்ளே பார்த்தால் மறுபடியும் நியூஸ்பேப்பர்.

"என்னடி இது?"

"மழைல நனைஞ்சுடுச்சுக்கா. பேப்பர் வச்சா சீக்கிரம் காயும். அடுத்து போடுறவங்களுக்கு நாத்தம் அடிக்கக் கூடாதுல்ல."