சீட்டு போட்டு முடிவு பண்ண வெஸ்லி

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் எங்க சபையில வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டுல சின்னச் சின்ன அட்டையா கவுத்து வச்சிருப்பாங்க, வரிசையில போய் கைக்கு வந்ததை எடுத்துக்கணும், அந்த வருஷத்துக்கு ஆண்டவர் குடுத்த வசனம் அதுதான். எங்க அத்தைக்கு 'பயப்படாதே'ன்னு வந்துட்டா சந்தோஷம். உபத்திரவம், பாடு அந்த மாதிரி எதாவது வந்துச்சுன்னா சத்தமில்லாம தட்டுலயே போட்டுட்டு வேற எடுப்பாங்க. கேட்டா "அது வேற யாருக்கோ உள்ளது, தவறி என் கைக்கு வந்துடுச்சு"ம்பாங்க.

இந்த கிறிஸ்துமஸுக்கு எங்க சித்தப்பா பையன் பெங்களூர்ல இருந்து வந்தான். யூடியூப் பிரசங்கமா கேட்டு கேட்டு இப்ப அவன் பக்கா கால்வினிஸ்ட், அதாவது யார் இரட்சிக்கப்படணும்னு தேவன் முன்னாடியே தீர்மானிச்சுட்டார்னு சொல்ற ஜான் கால்வின் கட்சி. பிரியாணி தட்டு முன்னாடி உக்காந்துக்கிட்டே எபேசியர் 1, ரோமர் 9, "யாக்கோபைச் சிநேகித்து ஏசாவை வெறுத்தேன்"னு இருக்கே அதுக்கு என்ன சொல்றீங்கன்னு ஆரம்பிச்சான். எங்கப்பா விடுவாரா, எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படணும்னு தேவன் விரும்புறார்னு 1 தீமோத்தேயு 2:4ஐ எடுத்து விட்டாரு. "பெரியப்பா, நீங்க அர்மீனியன்"னான். அப்பா ஆர்மீனியா நாட்டைச் சொல்றான்னு நினைச்சுட்டு "லேய், நமக்கு பாளையங்கோட்டைடா"ன்னாரு.

அவன் சொன்னது யாக்கோபு அர்மீனியஸை, தேவன் தேர்ந்தெடுக்கிறது மனுஷன் விசுவாசிக்கிறதைப் பொறுத்ததுன்னு சொன்னவர். ஹாலந்துல லெய்டன் யுனிவர்சிட்டி பேராசிரியர், 1609ல செத்துட்டாரு. அடுத்த வருஷம் அவர் ஆளுங்க அந்தக் கருத்தை அஞ்சு பாயிண்ட்டா எழுதிக் குடுக்க, 1618-19ல டார்ட் நகரத்துல கூடின சங்கம் அதை மறுத்து பதில் எழுதுச்சு. கால்வினோட அஞ்சு பாயிண்ட்னு இன்னைக்கு எல்லாரும் சொல்றாங்களே, அது அந்தப் பதில்ல இருந்து வந்ததுதான், கால்வின் செத்து அம்பது வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு.

எனக்கு இதைவிட 18ம் நூற்றாண்டு இங்கிலாந்து பிரசங்கிமார் ஜான் வெஸ்லி (அர்மீனியன் பக்கம்), ஜார்ஜ் விட்ஃபீல்ட் (கால்வினிஸ்ட் பக்கம்) சண்டைதான் பிடிக்கும், ஏன்னா ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ். வெட்டவெளியில பிரசங்கம் பண்ண வாங்கன்னு 1739ல வெஸ்லியை பிரிஸ்டலுக்குக் கூப்பிட்டதே விட்ஃபீல்ட்தான். போகலாமா வேணாமான்னு லண்டன்ல இருந்த கூட்டத்தார் சீட்டு போட்டுப் பாத்துதான் அனுப்புனாங்க. போன கொஞ்ச நாள்லயே, முன்குறித்தலை (தேவன் முன்னாடியே தீர்மானிச்சுட்டார்ங்கிறதை) எதிர்த்து பேசலாமா வேணாமான்னு வெஸ்லி திரும்ப ஒரு சீட்டு எடுத்தாரு. 'பிரசங்கி, அச்சடி'ன்னு வந்துச்சு. பிரசங்கம் பண்ணாரு, அச்சும் அடிச்சாரு.

யோசிச்சுப் பாருங்க, மனுஷனுக்கு தேர்ந்தெடுக்கிற உரிமை இருக்குன்னு பேசணுமா வேணாமாங்கிறதை மனுஷன் சீட்டு போட்டு முடிவு பண்றாரு! விட்ஃபீல்ட் சும்மா விடல, 1740 கடைசியில அமெரிக்காவுல இருக்கிற ஜார்ஜியால இருந்து எழுதின பதில்ல இந்த சீட்டு கதையையே போட்டு உடைச்சுட்டாரு (அப்புறம் அதுக்கு வருத்தமும் பட்டாரு). ஆனா அவர் கதை மட்டும் என்ன, யார் யார் வரணும்னு தேவன் ஏற்கனவே தீர்மானிச்சாச்சுன்னு நம்புன ஆளு 13 தடவை கப்பல்ல அட்லாண்டிக்கைத் தாண்டி, வாங்க வாங்கன்னு கண்ணீர் விட்டுக் கெஞ்சுனாரு. யார் தெரிந்துகொள்ளப்பட்டவங்கன்னு (தேவன் தேர்ந்தெடுத்தவங்கன்னு) நமக்குத் தெரியாது, அவங்களைக் கூப்பிடுறதுக்கு தேவன் வச்ச வழியே பிரசங்கம்தான்னு அவர் வாதம். நியாயம்தான். வெஸ்லியும் எங்கப்பா நினைக்கிற மாதிரி எல்லாம் மனுஷன் கையிலதான்னு சொல்லல, முதல்ல கிருபை வந்து தொட்டாத்தான் ஆமான்னு சொல்லவே பலம் வரும், அந்தக் கிருபை எல்லாருக்கும் வருதுன்னாரு. அந்த 'எல்லாருக்கும்'லதான் சண்டையே.

1741 பிப்ரவரியில யாரோ விட்ஃபீல்ட் வெஸ்லிக்கு எழுதின சொந்த கடிதத்தை ரெண்டு பேருக்கும் தெரியாம அச்சடிச்சு வெஸ்லி சபை வாசல்லயே குடுத்தாங்க. வெஸ்லி, விட்ஃபீல்ட் இங்க இருந்தா என்ன செய்வாரோ அதையே நான் செய்றேன்னு சொல்லி எல்லார் முன்னாடியும் கிழிச்சுப் போட்டாரு, வாங்குனவங்களும் கிழிச்சாங்க. 1770ல விட்ஃபீல்ட் இறந்தப்ப லண்டன்ல நினைவுப் பிரசங்கம் பண்ணது வெஸ்லிதான். அதுல தெரிந்துகொள்ளுதலைப் பத்தி பேசவே இல்லன்னு கால்வினிஸ்ட் பக்கம் கோபம், எனக்கும் அது கொஞ்சம் நழுவலாத்தான் படுது.

இதெல்லாம் சொன்னதுக்கு தம்பி "ரோமர் 9க்கு இன்னும் பதில் வரல"ன்னான். என்கிட்டயும் இல்ல.

31 ராத்திரி கோவிலுக்கு வந்தான். அட்டை எடுக்கிறதெல்லாம் வசனத்தை முன்னபின்ன பாக்காம பிச்சு எடுக்கிற வேலைன்னு முனகிக்கிட்டே வரிசையில அத்தைக்குப் பின்னாடி நின்னான். அத்தை ஒண்ணு எடுத்தாங்க, பாத்தாங்க, கவுத்துப் போட்டுட்டு இன்னொண்ணு எடுத்துக்கிட்டு நகந்துட்டாங்க. இவன் மேல கிடந்ததை எடுத்தான். 'உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள்.'

அத்தை எட்டிப் பாத்துட்டு "நான் சொன்னேன்ல"ன்னாங்க. அவன் ஒண்ணும் பேசல, போன் கவருக்குள்ள அட்டையைச் சொருகிட்டு கேக் வாங்கப் போயிட்டான்.