ஷட்டர் இறங்கிய பிறகு: ஒரு ஜிம்காரரின் நாட்குறிப்பு

2020 மார்ச் 19
ஷட்டரை இறக்கியாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 11ஆம் தேதி கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னபோதே தெரியும், நாலு சுவருக்குள் ஆட்கள் மூச்சிரைக்க நிற்கும் இடத்தைத்தான் முதலில் மூடச் சொல்வார்கள் என்று. வாடகை நிற்காது, ட்ரெட்மில் கடன் தவணையும் நிற்காது. ஆண்டுக் கட்டணம் கட்டியவர்களுக்கு உடனே செய்தி அனுப்பினேன்: மூடிய நாட்கள் உங்கள் கணக்கில் சேரும், பணம் திரும்ப வேண்டுமானால் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டவர்கள் குறைவு.

மார்ச் 26
ஜூமில் முதல் வகுப்பு. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் தானாக அறுந்துவிடும், முழங்கையை ஊன்றி உடம்பை அசையாமல் நேராகப் பிடிக்கும் பிளாங்கில் இருக்கும்போது சரியாக அறுந்தது (எல்லாருக்கும் உள்ளூர சந்தோஷம்தான்). பாட்டுதான் தலைவலி. பேச்சைத் தெளிவாக்குகிறேன் பேர்வழி என்று செயலி இசையை இரைச்சலாக நினைத்து வடிகட்டிவிடுகிறது. அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்திய பிறகுதான் தாளம் போய்ச் சேர்ந்தது, அதுவும் ஆளுக்கொரு தாமதத்தில். சேர்ந்து எண்ணச் சொன்னால் ஒரே கூச்சல். எல்லாரையும் மியூட்டில் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 8
இலவச வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. பிரிட்டனில் ஜோ விக்ஸ் என்ற பயிற்சியாளர் மார்ச் 23 முதல் யூடியூபில் நேரலையாகப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்துகிறார், லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டத்தோடு நான் போட்டி போட முடியாது. ஆனால் யூடியூப் யாருடைய முழங்காலையும் பார்ப்பதில்லையே! பெரிய வகுப்பை உடைத்துச் சிறு குழுக்களாக்கினேன். போனைத் தரையில் பக்கவாட்டில் வையுங்கள், முகம் தெரிய வேண்டாம், இடுப்பும் முழங்காலும் குதிகாலும் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். ஒருவருக்கு ஸ்குவாட்டில், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சியில், குதிகால் எழும்பிக்கொண்டே இருந்தது, உடம்பு முன்னால் சாய்ந்தது. குதிகாலுக்கடியில் தடிப் புத்தகம் ஒன்றைப் போடச் சொன்னேன், முதுகு நிமிர்ந்துவிட்டது. இதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள், இயந்திரத்துக்கு இல்லை.

ஏப்ரல் 17
டம்பெல், கெட்டில்பெல் எந்தக் கடையிலும் இருப்பில்லை. என்னிடம் அடுக்கடுக்காகத் தூசி படிந்து கிடக்கிறது. சரி, வாடகைக்கு விட்டுவிடலாம் என்று ஒரு நோட்டுப் போட்டு பெயர், எடை, முன்பணம் எழுதிக்கொண்டு, கிருமிநாசினியில் துடைத்துத் துடைத்துக் கொடுத்தோம். உடற்பயிற்சி சைக்கிள்கள்தான் முதலில் காலி. மாடிவீட்டுக்காரர் ஒருவர் தரையிலிருந்து எடையைத் தூக்கி இறக்கும் டெட்லிஃப்ட் செய்ய முழுப் பார்பெல் செட்டும் கேட்டார். கீழ்வீட்டுக்காரர்களை நினைத்து மறுத்துவிட்டேன்.

மே 6
கோல்ட்ஸ் ஜிம் திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்திருக்கிறது, 4ஆம் தேதி. 1965இல் தொடங்கிய நிறுவனம். பெயர் பெரிதாக இருந்தால் வாடகையும் பெரிது. பெரியவர்களுக்கே இந்தக் கதியா என்று ட்ரெய்னர்கள் பயந்துபோனார்கள். எனக்கென்னவோ இடம் குறைவாக இருப்பதே இப்போது நல்லதாகப் படுகிறது.

மே 24
தென் கொரியாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்றைப் படித்தேன். நடன உடற்பயிற்சி வகுப்புகள் வழியாக 12 இடங்களில் 112 பேருக்குத் தொற்று. சிறிய அறை, நெருக்கடி, வேகமான மூச்சு. அதே ஆய்வில் பைலேட்ஸ், யோகா சொல்லிக்கொடுத்த ஒரு பயிற்சியாளரும் வருகிறார்; ஏழெட்டுப் பேர் மட்டுமே கொண்ட அவர் வகுப்புகளில் யாருக்கும் தொற்று இல்லை. திறக்கும் நாளுக்கான திட்டம் இதைப் படித்த பிறகு மாறிவிட்டது: மூச்சு வாங்க வைக்கும் வகுப்பெல்லாம் வெட்டவெளியில், எடைப் பயிற்சி மட்டும் உள்ளே, அதுவும் முன்பதிவு செய்து, ஜன்னலைத் திறந்துவைத்து.

ஜூன் 30
வீட்டுச் சுவரில் கண்ணாடி மாதிரி நின்று பயிற்சி காட்டும் ‘மிரர்’ நிறுவனத்தை உடற்பயிற்சி உடை விற்கும் லுலுலெமன் 50 கோடி டாலருக்கு வாங்குகிறதாம். உடை விற்பவர்கள் வீட்டுக்குள்ளேயே நுழைகிறார்கள். இந்த வீட்டுப் பயிற்சி மோகம் இதே வேகத்தில் நீடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, கதவு திறந்தால் பாதிப் பேர் வெளியே ஓடிவருவார்கள். மீதிப் பாதியை விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 12
திறந்து சில வாரம் ஆகிறது. ஒரே ட்ரெய்னர் அறையில் இருப்பவர்களையும் திரையில் இருப்பவர்களையும் சேர்த்துப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை, திரையில் இருப்பவர்கள் அனாதையாகிவிடுகிறார்கள். ஆகவே ஆன்லைன் வகுப்புக்குத் தனி நேரம், தனி ஆள், தனிக் கட்டணம். இரவுப்பணிக்குப் போகிறவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் அதை விட மறுக்கிறார்கள். ட்ரெட்மில்களில் பாதியை விற்பனைக்குப் போட்டிருக்கிறேன், நாளை ஒருவர் பார்க்க வருகிறார்.