மயக்க மருந்து நர்ஸ் ஆக எந்தப் படிப்பில் சேர வேண்டும்?

குலசேகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. "அக்கா, அமெரிக்காவுல நர்ஸே மயக்க மருந்து குடுக்கலாமாம்லா, நானும் அதுக்குத்தான் படிக்கப் போறேன்" என்று வந்து நின்றாள். கையில் இருந்தது பி.எஸ்சி. அனஸ்தீசியா டெக்னாலஜி விண்ணப்பம்.

அதுவும் நல்ல படிப்புதான். தியேட்டரில் மயக்க டாக்டருக்குப் பக்கத்தில் நின்று மிஷினைச் சரிபார்த்துக் கொடுக்கும் பொறுப்பான வேலை. ஆனால் அதைப் படித்தால் நர்ஸ் பதிவு கிடைக்காது. நர்சிங் படிக்காதவர் அமெரிக்க நர்ஸ் பதிவுக்கான என்கிளெக்ஸ் தேர்வை எழுத முடியாது. அதை எழுதாமல் அமெரிக்காவில் நர்ஸாகவே முடியாது, பிறகல்லவா மயக்க மருந்து!

ஆகவே மக்களே, நாலு வருட பி.எஸ்சி. நர்சிங்கில் சேருங்கள். வீட்டில் பணமுடை என்றால் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து, வேலை பார்த்து, பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படிக்கலாம். நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பது டாக்டரின் வேலை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

படிப்பு முடிந்ததும் ஐ.சி.யு. கேட்டு வாங்குங்கள். நான் நாகர்கோவிலில் ஐ.சி.யு. நர்ஸ், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து ஓடும் சிரிஞ்ச் தீரப் போகிறது என்றால், அடுத்ததை முன்கூட்டியே நிரப்பி, லேபிள் ஒட்டி, இன்னொரு பம்பில் ஓடவிட்ட பிறகே பழையதை நிறுத்த வேண்டும். கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் மானிட்டரில் பிரஷர் சரசரவென்று இறங்கும். மயக்க நிலையில் இருக்கும் உயிரைக் காக்க இந்தக் கையும் கண்ணும்தான் வேண்டும்.

ஒரு விஷயத்தை ஏஜென்ட்கள் சொல்வதில்லை. மயக்க மருந்து நர்ஸ் படிப்பில் சேர குறைந்தது ஒரு வருட ஐ.சி.யு. அனுபவம் கேட்கிறார்கள், அதுவும் அமெரிக்காவிலேயே பார்த்ததாக இருக்க வேண்டும். இங்கே பார்த்த வருடங்கள் அந்தக் கணக்கில் சேராது. ஆனாலும் அங்கே ஐ.சி.யு.வில் வேலை கிடைக்க அவைதான் கைகொடுக்கும். 2022 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு டாக்டரேட் பட்டப் படிப்புதான், குறைந்தது மூன்று வருடம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற படிப்பு இல்லை. பிறகு தேசியச் சான்றிதழ் தேர்வு. விசா காத்திருப்பையும் சேர்த்தால் இன்றைக்குப் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குப் பத்து வருடம் தாண்டும். நெய்யூரில் 1838-லேயே மிஷன் வைத்தியம் தொடங்கிய மாவட்டம் நம்முடையது, நர்சிங் நமக்குப் புதிதல்ல. பெண் ஆசைப்பட்டால் அந்தப் பத்து வருடத்தை அவளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

காலேஜ் பார்க்கப் போகும்போது கட்டிடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சொந்த ஆஸ்பத்திரி உண்டா, ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் நோயாளியைப் பார்க்க விடுகிறார்களா என்று மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் கேளுங்கள். படித்துப் போனவர்களுக்கு டிரான்ஸ்கிரிப்டை இழுத்தடிக்காமல் தருகிறார்களா என்றும் விசாரியுங்கள். எந்தப் பாடம் எத்தனை மணி நேரம் என்ற அந்தத் தாள் போய்ச் சேர்ந்தால்தான் அமெரிக்கப் பதிவு வேலையே நகரும்.