கட்டு அழகுக்கு மார்க் போடாதீர்கள்: கேடட் அணிகளுக்கு முதலுதவிப் போட்டி நடத்துவது எப்படி

ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்), சாரணர், செயின்ட் ஜான் கேடட் என்று எந்த அமைப்பு நடத்தினாலும் நம் ஊர் முதலுதவிப் போட்டிகளில் ஒரு வழக்கம் மாறுவதில்லை. நான்கு பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஒருவன் தலையில் கட்டு, ஒருத்தி கையில் ஸ்லிங். யார் கட்டு மடிப்புக் கலையாமல் இருக்கிறதோ அந்தப் பள்ளிக்குக் கோப்பை. அந்த நான்கு பேரும் நாளை சாலையில் அடிபட்டுக் கிடப்பவர் முன் நின்றால், முதலில் பையைத் திறந்து துணியைத்தான் தேடுவார்கள். மூச்சு வருகிறதா என்று பார்க்கத் தோன்றாது. எதற்கு மார்க் போடுகிறோமோ அதைத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அதனால் மைதானம், பந்தல், ஷீல்டு எல்லாவற்றுக்கும் முன்னால் மார்க் ஷீட்டை எழுதுங்கள்.

நூறு மார்க் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: இடத்தின் பாதுகாப்பு 10, நினைவு, மூச்சு, ரத்தப்போக்கு பார்த்தல் 25, 108-க்கு அழைத்தல் 10, சிகிச்சை 30, அடிபட்டவரிடம் பேசித் தைரியம் சொல்லுதல் 10, ஆம்புலன்ஸ்காரரிடம் ஒப்படைத்தல் 10, கேப்டன் வேலையைப் பங்கிட்ட விதம் 5. ஒவ்வொரு வரியும் ‘செய்தார் / செய்யவில்லை’ என்று டிக் அடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ‘சிறப்பாகச் செய்தார்: 1 முதல் 10’ என்று ஒரு வரி இருந்தாலும் போதும், இரண்டு நடுவர்களுக்கு இரண்டு விடை வரும், மதியம் தகராறு வரும். உயிர் காக்கும் வேலைக்கு மட்டும் நேரம் குறிக்கலாம்: அடைபட்ட மூச்சுப் பாதையை 60 விநாடிக்குள் திறந்தார்களா, பீறிடும் ரத்தத்தை 60 விநாடிக்குள் அழுத்தினார்களா. மொத்தமாக யார் சீக்கிரம் முடித்தார்கள் என்பதற்கு மார்க் வேண்டவே வேண்டாம். அதைக் கொடுத்தால் அடிபட்டவரைச் சாக்கு மூட்டை போல் புரட்டுவார்கள். இரண்டு அணி சமமாக வந்தால், அந்த 60 விநாடி வேலையை யார் முன்னதாகச் செய்தார்கள் என்று பாருங்கள்.

தவறுகளிலும் தரம் உண்டு. ரீஃப் நாட் (தட்டையாகப் படியும் முடிச்சு) போடாமல் வேறு முடிச்சுப் போட்டால் ஒரு மார்க் போகலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அந்த நோயாளிக்கான மொத்த மார்க்கும் போக வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து திணிப்பதும், வாய்க்குள் ஸ்பூன் விடுவதும், பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுக்குவதும், கடிவாயைக் கீறுவதும், தீக்காயத்தில் பேஸ்ட் தடவுவதும் அதே கணக்குதான். இவற்றைச் சுற்றறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். எந்தக் கையேட்டின் எந்தப் பதிப்பு என்பதையும் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். பழைய நோட்ஸ் வைத்துப் பயிற்சி எடுத்த அணி பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டிவிட்டு, “எங்க புக்ல இருக்கு சார்” என்று வந்து நிற்கும். தீக்காயத்தைக் குழாய்த் தண்ணீரில் எத்தனை நிமிடம் காட்டுவது என்பதிலேயே பழைய புத்தகம் 10 என்கும், புதியது 20 என்கும்.

அடுத்தது காட்சி. நல்ல காட்சிக்கு மூன்று நோயாளிகள் போதும். ஸ்கூட்டர் ஒன்று சைக்கிளில் மோதியிருக்கிறது. ஒருத்தி முன்கையில் ரத்தம் ஒழுக அலறுகிறாள். இன்னொருவன் மல்லாந்து கிடக்கிறான், சத்தமே இல்லை, தொண்டையில் மட்டும் களகளவென்ற ஒலி. மூன்றாமவன் காயமில்லாமல், “அண்ணே, ஏதாவது பண்ணுங்கண்ணே” என்று குறுக்கே ஓடுகிறான். பெரும்பாலான அணிகள் அலறுகிறவளிடம்தான் ஓடும். சத்தம் போடாதவனிடம் ஒருவரைக் கேப்டன் அனுப்புகிறாரா என்பதுதான் இந்தக் காட்சியின் உயிர்நாடி. ஸ்கூட்டர் சாவியை ஆனிலேயே விட்டு வையுங்கள். அணைத்தால் 2 மார்க். ஓடித் திரிகிறவனுக்கு ஒரு வேலை கொடுத்து உட்கார வைக்கிற கேப்டனுக்கும் மார்க் உண்டு.

நோயாளியாக நடிப்பவர்களைப் போட்டிக்கு முந்தின நாளே பழக்க வேண்டும். அவர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு: எங்கே வலி, என்ன கேட்டால் என்ன பதில், இரண்டு நிமிடம் ரத்தத்தை யாரும் அழுத்தாவிட்டால் பேச்சுக் குழற வேண்டும். அணிக்கு உதவக் கூடாது. ஸ்லிங் போடும்போது தானாகக் கையை மடித்துக் கொடுக்கிற ‘நல்ல’ நோயாளியால் தீர்ப்பே கெட்டுப்போகும். அப்புறம், உயிருள்ள ஆளின் மார்பில் சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி, வாய்வழி மூச்சு கொடுப்பது) கூடாது, தொண்டையில் அடைத்ததை வெளியேற்ற வயிற்றில் அழுத்தும் வேலையும் கூடாது. அந்தக் கட்டம் வந்தால் நடுவர் பயிற்சிப் பொம்மையைக் காட்டி, “இனி இவர்தான் உங்க நோயாளி” என்று சொல்ல வேண்டும்.

பொய் ரத்தம் செய்வது சுலபம். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சோளமாவு கரைத்துக் காய்ச்சி, ஆறியதும் சிவப்பு ஃபுட் கலரும் ஒரு டீஸ்பூன் காபி டிகாக்‌ஷனும் சேர்க்கவும். டிகாக்‌ஷன் விடாவிட்டால் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். சிலர் சர்க்கரைப் பாகில் செய்கிறார்கள். மைதானத்தில் பத்து நிமிடம் படுத்தால் எறும்பு மொய்க்கும், வேண்டாம். வாசலினில் டிஷ்யூ பேப்பரை ஒட்டி நடுவில் கிழித்தால் வெட்டுக்காயம். உடைந்து வெளியே வந்த எலும்புக்கு ஒரு சாக்பீஸ் துண்டு. முகம் வெளிற டால்கம் பவுடர், வியர்வைக்குத் தண்ணீர் ஸ்ப்ரே. சலைன் டியூபை முழுக்கைச் சட்டைக்குள் விட்டு, 50 மி.லி. சிரிஞ்சை நோயாளியின் மறு கையில் மறைத்து வைத்தால் ரத்தம் நிஜமாகவே வழியும். சரியான இடத்தில் அழுத்தினால் மட்டும் அவள் நிறுத்த வேண்டும். ஃபுட் கலர் வெள்ளை யூனிஃபார்மை விடாது, பழைய சட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முந்தின நாள் கொஞ்சம் தடவிப் பார்ப்பதும் நல்லது.

108 அழைப்புக்கு அணைத்து வைத்த பழைய போன் கொடுங்கள், அல்லது பொம்மை போன். பதற்றத்தில் நிஜமாகவே டயல் செய்துவிடுவார்கள். நடுவர் ஒருவர் மறுமுனையில் இருப்பவராகப் பேசட்டும்: எந்த இடம், பக்கத்தில் என்ன அடையாளம், எத்தனை பேர், நினைவு இருக்கிறதா? “ஆக்சிடென்ட் சார், சீக்கிரம் வாங்க” என்று சொல்லிவிட்டு போனை வைக்கிற அணிக்குப் பத்தில் இரண்டுதான்.

சி.பி.ஆர். தனி மேடை. இரண்டு நிமிடம், 30 அழுத்தம் 2 மூச்சு என்று ஐந்து சுற்று. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஆழம் போகாது, உடல் எடை போதாது. அவர்களுக்குக் கை வைத்த இடம், முழங்கை மடங்காமை, வேகம், உதவிக்கு ஆள் அழைத்தது ஆகியவற்றுக்கு மட்டும் மார்க் போடுவதுதான் நியாயம். பொம்மையை மேஜை மேல் வைக்காதீர்கள். தரையில் பாய் விரித்து வையுங்கள். அணி மாறும்போதெல்லாம் வாய்ப்பகுதியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும்.

முக்கோணக் கட்டுத் துணியைக் கடையில் வாங்கத் தேவையில்லை. ஒரு மீட்டர் சதுரக் காடாத் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு. தைப்பதற்கு முன் கஞ்சி போக அலச வேண்டும், இல்லாவிட்டால் முடிச்சு வழுக்கும். அணிக்கு எட்டு வையுங்கள். கையுறை ஸ்மால் சைஸ். பெரிய கையுறையைப் போட்டுக்கொண்டு முடிச்சுப் போட முடியாமல் திணறும் பிள்ளையின் மார்க்கைக் குறைப்பது அநியாயம்.

12 அணி வந்தால், காட்சிக்கு 8 நிமிடம், நடுவர் எழுத 4, காயத்தைப் புதுப்பிக்க 3 என்று ஒரு அணிக்கு 15 நிமிடம், மொத்தம் 3 மணி நேரம். அவசரப்பட்டு ஒரே காட்சியை இரண்டு இடத்தில் இரண்டு நடுவர் குழுவை வைத்து நடத்தாதீர்கள், கைக்குக் கை மார்க் மாறும். ஒரு மேடையில் எல்லா அணியையும் அதே இருவர்தான் பார்க்க வேண்டும். காத்திருக்கும் அணிகள் ஓர் அறையில், முடித்த அணிகள் வேறு அறையில். போன்கள் எல்லாம் ஒரு பையில், ஆசிரியர்களுடையதும் சேர்த்து. காட்சி கசிவது பிள்ளைகளால் அல்ல, பெரும்பாலும் கவுன்சிலர் சார்களால்தான், அதாவது அணிகளுக்குப் பொறுப்பான ஆசிரியர்களால்தான்.

நடுவராக டாக்டர்களை அழைத்தால் முந்தின நாள் மாலை ஷீட்டைக் கொடுத்து, ஒரு மாதிரி அணியை வைத்து ஒத்திகை பாருங்கள். பி.பி. பார்க்கவில்லை என்று எட்டாம் வகுப்பு மாணவிக்கு மார்க் குறைத்துவிடுவார்கள். தம் பள்ளி அணிக்கு யாரும் நடுவராக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

காலை எட்டுக்குத் தொடங்கி பதினொன்றரைக்குள் முடித்துவிடுங்கள். நோயாளிகள் மர நிழலில் படுக்கட்டும், நான்கு அணிக்கு ஒருமுறை ஆள் மாற்றி தண்ணீர் கொடுங்கள். நிஜமாகவே யாருக்காவது மயக்கம் வந்தால்? நடிப்பு என்று நினைத்து எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். “நிஜம், நிஜம்” என்று யார் கத்தினாலும் எல்லா மேடையும் நிற்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். அதற்கென்று தனி முதலுதவிப் பெட்டியும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். போட்டிப் பெட்டியில் இருக்கும் துணியெல்லாம் அதற்குள் காபி ரத்தத்தில் ஊறியிருக்கும்.

பரிசு கொடுத்ததும் மார்க் ஷீட்டின் நகலை ஒவ்வொரு பள்ளிக்கும் கொடுத்து அனுப்புங்கள். உங்கள் நகலில் எல்லா அணியும் கோட்டைவிட்ட வரி எது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒப்படைப்பாகத்தான் இருக்கும்: என்ன நடந்தது, யாருக்கு என்ன காயம், நாம் என்ன செய்தோம், இப்போது எப்படி இருக்கிறார். இதை மட்டும் அடுத்த கவுன்சிலர் கூட்டத்தில் அரை மணி நேரம் நடத்திக்காட்டலாம்.