அப்பாவின் நெகட்டிவ்களுக்கு மூன்று இடம்

சென்ற வைகாசியில் என் மகன், வீட்டில் எல்லோரும் கோப்புகளைப் போட்டுவைக்கும் நாஸ் பெட்டியில் இடம் போதவில்லை என்று பழைய கோப்புகளைக் களைந்தான். அவற்றோடு ‘1984’ என்ற கோப்புறையும் போய்விட்டது. கோபிசெட்டிபாளையத்தில் அப்பா நடத்திய ஸ்டுடியோவின் நெகட்டிவ்களில் அந்த ஆண்டுக்குரிய 31 ரோல்களை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தேன்.

அவன்மீது குற்றமில்லை. பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் ரெய்டு 1 முறையில் ஒன்றுக்கொன்று நகலாக ஓடுகின்றன, அதனால் எல்லாம் பத்திரம் என்று நம்பியவள் நான். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது தாங்கும் என்பது உண்மை. ஆனால் ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்த நொடியே அழிந்துவிடும். வைரஸ் புகுந்தாலும், இடி விழுந்து பெட்டியே கருகினாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். ரெய்டு என்பது வேலை நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு. அதை பேக்கப், அதாவது காப்பு நகல், என்று நினைத்தது என் தவறு.

நெகட்டிவ்கள் தகர டப்பாவில் இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்தேன். ஆனால் முதலில் ஸ்கேன் செய்த பிறகான ஐந்து ஆண்டுகளில் நான்கு ரோல்கள் புளித்த காடி வாடை அடிக்கத் தொடங்கியிருந்தன. அசிடேட் ஃபிலிம் சிதையும்போது வரும் வாடை அது, தொடங்கிவிட்டால் வேகமெடுக்கும். கொடிவேரி அணையில் ஈரச் சேலையோடு அம்மாயி சிரிக்கும் படம் அந்த நான்கில் ஒன்றில் இருந்தது. இப்போது அவர் முகத்தின் குறுக்கே சுருக்கம் ஓடுகிறது. நல்ல ஸ்கேன் இனி கிடையாது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்பா பெரும்பாலும் 120 என்ற அகல ஃபிலிமில் எடுத்தவர்; சதுரப் படமாக ஒரு ரோலுக்கு 12. அங்குலத்துக்கு 3200 புள்ளி (டிபிஐ) அளவில், தரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்தால் ஒரு படம் ஏறக்குறைய 300 எம்பி வருகிறது. ரோலுக்கு 3.6 ஜிபி. இதுவரை முடித்தது 600 ரோல்களுக்கு மேல், 2.2 டிபி (டெராபைட், 1 டிபி என்பது 1000 ஜிபி) ஆகிவிட்டது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “விதைச் சோளத்தையும் சமைக்கிற சோளத்தையும் ஒரே பானையிலா போட்டு வைத்தாய், கண்ணு?” விதைக் கதிரை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டிய வீட்டில் வளர்ந்தவர் அவர். எனக்கு அங்கேதான் தெளிவு வந்தது. தினமும் மாறுகிற கோப்புகளுக்கு வேண்டியது பேக்கப்: நேற்று இருந்தபடி இன்று திரும்பக் கிடைக்க வேண்டும். முடிந்துபோன ஸ்கேன் இனி மாறாது. அதற்கு வேண்டியது ஆர்க்கைவ், மாறாமல் நெடுங்காலம் காக்கும் இடம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு, எழுதவும் அழிக்கவும் எல்லோருக்கும் அனுமதி கொடுத்திருந்தேன்.

ஆர்க்கைவுக்கு என்ன வாங்குவது என்று ஒரு மாதம் அலைந்தேன். காந்த டேப் என்பது பெரிய நிறுவனங்களுக்கு ஏற்றது. எல்டிஓ-8 என்ற வகை டேப் ஒன்றில் 12 டிபி அடங்கும், ஆனால் அதை ஓட்டும் கருவிக்கு லட்சங்கள் வேண்டும். 25 ஜிபி ப்ளூ-ரே தட்டு என்றால் 88 தட்டுகள். எழுதி முடிப்பதற்குள் நான் சலித்துவிடுவேன், சலித்த வேலையில் பிழை வரும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வேகமானதுதான், ஆனால் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடந்தால் அதன் மின்னூட்டம் மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் விரைவாக. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அமேசானின் டீப் ஆர்க்கைவ் என்ற இணையச் சேமிப்புச் சேவை ஆசை காட்டியது. அமெரிக்க மண்டலத்தில் ஒரு டிபிக்கு மாதம் சுமார் 1 டாலர்தான். ஆனால் வைத்ததைக் கேட்டால் கைக்கு வர 12 மணி நேரம் வரை ஆகும்; இறக்கும்போது ஒரு டிபிக்கு ஏறக்குறைய 90 டாலர் கூலி. என் இணைப்பில் ஏற்றும் வேகம் 40 எம்பிபிஎஸ்; இடைவிடாமல் ஏற்றினாலும் ஐந்து நாள். இது நல்ல சேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பணம் கட்டும் என் அட்டை காலாவதியாகி, மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டால் அப்பாவின் படங்கள் என்ன ஆகும் என்ற கேள்வி என்னை உறங்கவிடவில்லை. ஸ்கேன்களை அங்கே வைக்கவில்லை. பெயர்ப் பதிவேடு, நிலப் பத்திர நகல் போன்ற சிறிய கோப்புகள் மட்டும் பிறர் படிக்க முடியாதபடி சங்கேதமாகப் பூட்டப்பட்டு தினமும் இணையத்துக்குப் போகின்றன.

கடைசியில் சாதாரண 4 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினேன். இவற்றில் பல எஸ்எம்ஆர் என்ற எழுதும் முறையைக் கொண்டவை. நாட்டு ஓடு வேய்ந்ததுபோல் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு ஓடு மாற்றப் பக்கத்து ஓடுகளையும் எடுக்க வேண்டியிருப்பதுபோல், அதில் திருத்தி எழுதுவது மெதுவாகும். ஆகவே நாஸுக்குள் அதைப் போடக் கூடாது. ஒருமுறை எழுதி வைத்துவிடுகிற ஆர்க்கைவுக்கு அது போதும்.

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி ஒன்று உண்டு: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். இரண்டு வகை ஊடகம் என்னிடம் இல்லை. டப்பாவில் இருக்கும் நெகட்டிவ்களை அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறேன். நாஸில் ஒரு நகல் இருக்கிறது. இப்போது அந்தக் கோப்புறையைப் படிக்க மட்டும்தான் முடியும். நாள்தோறும் ஸ்னாப்ஷாட்டும், அதாவது அன்றைய நிலையின் பதிவும், உண்டு. சிவப்புப் பொட்டு ஒட்டிய டிஸ்க் சென்னிமலையில் தம்பி வீட்டுப் பீரோவில், அவன் தறியில் நெய்த போர்வைக்கு நடுவே இருக்கிறது. பச்சைப் பொட்டு என்னிடம். தைப்பூசத்துக்கும் ஆடிப்பெருக்குக்கும் இரண்டையும் மாற்றிக்கொள்கிறோம். தேர் பார்க்க எப்படியும் போகிறவள், தேதி மறக்காது.

“பாஸ்வேர்ட் எதுவும் போடவில்லையா அக்கா?” என்று தம்பி கேட்டான். வேண்டுமென்றேதான் போடவில்லை. எனக்குப் பிறகு யார் திறந்தாலும் திறக்க வேண்டும். டிஸ்க் பெட்டிக்குள் ஒரு தாளில் என்ன இருக்கிறது, எந்த ஆண்டு எழுதியது என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண், கோப்பின் கைரேகை போன்றது, எடுத்துப் பட்டியலிட்டிருக்கிறேன். டிஸ்க் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் படித்து ஒப்பிடுவேன். நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு பிட் மாறினாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற டிஸ்க்கிலிருந்து நல்லதை எடுத்துக்கொள்ளலாம். ஆடியில் ஒப்பிட்டேன், எல்லாம் சரியாக இருந்தது.

தைக்குள் 1991ஆம் ஆண்டு டப்பாவை முடிக்க வேண்டும். இன்னும் 40 ரோல்கள் இருக்கின்றன. மூன்றில் லேசாகக் காடி வாடை வருகிறது, அவற்றை முதலில் எடுக்கிறேன்.