கனேடியர் எல்லோரும் நல்லவர்களாம்

பனிவீட்டில் வாழ்கிறவர்கள், துருவக் கரடிக்கு அஞ்சி வெளியே வராதவர்கள், எதை உண்டாலும் மேப்பிள் பாகை ஊற்றிக்கொள்கிறவர்கள் என்றெல்லாம் கனேடியரைக் கேலி செய்கிறவர்கள்மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஒரு வரைபடத்தையும் நான்கு எண்களையும் காட்டினால் அந்த எண்ணங்கள் கலைந்துவிடும். கலைக்க முடியாமல் இருப்பது புகழ்ச்சிதான். கனேடியர் பணிவானவர்கள், வம்புக்குப் போகாதவர்கள், யார் வந்து தட்டினாலும் கதவைத் திறக்கிறவர்கள் என்ற பெயரை வெளியுலகம் கொடுத்திருக்கிறது. அதைக் கனேடியரும் மறுப்பேதும் இன்றி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்து, கனேடியக் கடவுச்சீட்டும் வைத்திருக்கும் எனக்கும் அந்தப் பெயரில் ஒரு பங்கு உண்டு என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதத் தோன்றியது. எளியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

குளிர் இல்லை என்று சொல்ல வரவில்லை. விண்ணிப்பெக்கில் ஜனவரி மாதம் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகைக்கு இறங்கினால் அவ்வூரார் அதை ஒரு செய்தியாகக்கூடக் கருதுவதில்லை. ஆனால் இந்நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க எல்லையிலிருந்து 100 கிலோமீற்றருக்குள் வாழ்கிறார்கள். லண்டனும் பாரிசும் ரொறன்ரோவை விட வடக்கே இருக்கின்றன. அமெரிக்காவின் டிட்ரோயிட்டிலிருந்து கனடாவின் வின்ட்சர் நகருக்கு வருகிறவர்கள் தெற்கு நோக்கித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டன் என்னும் சிற்றூரில் 2021 ஜூன் 29ஆம் திகதி 49.6 பாகை செல்சியஸ் பதிவானது. இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ எந்த ஊரும் கண்டிராத வெப்பம் அது. மறுநாள் அந்த ஊரின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. அந்த வெப்ப அலையில் அம்மாகாணத்தில் 619 பேர் இறந்ததாக மரண விசாரணை அலுவலகம் பின்னர் கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் போதிய குளிரூட்டும் வசதி இல்லாத வீடுகளுக்குள்ளேயே இறந்தார்கள், முதியவர்களே அதிகம். கனடா குளிர்நாடு என்ற எண்ணத்தை வெளியார் மட்டுமல்லாமல், அந்த வீடுகளைக் கட்டியவர்களும் நம்பியிருந்தார்கள்.

பனிவீடு என்பது வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களில் சிலர் குளிர்காலத்திலும் வேட்டைக்குச் செல்லும் வழியிலும் தற்காலிகமாகக் கட்டிக்கொண்ட ஒதுக்கிடம். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மக்கள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 70,000 பேர்தான். இன்று நுனாவுட் பிரதேசத்தில் அவர்களின் பெரும் குறை, போதிய வீடுகள் இன்றி ஒரே கூரையின்கீழ் இரண்டு மூன்று குடும்பங்கள் நெருங்கி வாழ வேண்டியிருப்பது.

கனேடியர் அனைவரும் ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசுவார்கள் என்பது அடுத்த நம்பிக்கை. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் கூட்டரசு நிறுவனங்களை இருமொழியில் இயங்கச் செய்ததே தவிர, மனிதர்களை இருமொழியினர் ஆக்கவில்லை. 2021இல் இரண்டு மொழிகளிலும் உரையாடக்கூடியவர்கள் 18 சதவீதத்தினரே. பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்துக்கு வெளியே பத்தில் ஒருவர்கூட இல்லை. பத்து மாகாணங்களில் நியூ பிரன்ஸ்விக் ஒன்றே இரு மொழிகளையும் ஆட்சிமொழிகளாக ஏற்றிருக்கிறது. ஒன்ராறியோப் பள்ளிகளில் நான்காம் வகுப்பிலிருந்து பிரெஞ்சு கற்றாலும், எங்கள் தெருப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உணவுப் பொட்டலத்தின் மறுபக்கத்தை வாசிக்கும் அளவுக்குத்தான் அது வருகிறது. மொன்றியலில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளோ, கியூபெக் 1977இல் இயற்றிய மொழிச் சட்டத்தின் காரணமாகப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கே செல்கிறார்கள். கோடை விடுமுறையில் இரு நகரங்களின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் சந்திக்கும்போது, விளையாட்டு எந்த மொழியில் நடக்கும் என்பது முதல் அரைமணி நேரத்துக்குத் தீர்மானமாவதில்லை.

மேப்பிள் பாகையும் பனித்தரை ஹொக்கியையும் விரைவாகக் கடந்துவிடலாம். கொடியில் இருக்கும் இலை நாடு முழுவதற்கும் பொதுவானது என்றாலும், பாகு தரும் சீனி மேப்பிள் கிழக்குப் பகுதியின் மரம். உலகில் கிடைக்கும் பாகில் பெரும்பங்கு கியூபெக் என்ற ஒரு மாகாணத்திலிருந்து மட்டும் வருகிறது. ஹொக்கி தேசிய விளையாட்டுத்தான், ஆனால் பாதி அளவுக்கு மட்டுமே: 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குளிர்கால விளையாட்டு என்றும், முதற்குடி மக்களிடமிருந்து வந்த, வலைக்கோலால் பந்தாடும் லக்ரோஸைக் கோடைகால விளையாட்டு என்றும் வகுத்திருக்கிறது. ஸ்காபரோப் பூங்காக்களில் கோடைக்காலத்தில் நான் காண்பது கிரிக்கெட்.

சற்று நின்று பேச வேண்டியது மருத்துவத்தைப் பற்றி. கனடாவில் வைத்தியம் முழுவதும் இலவசம் என்று ஊரில் இருக்கும் என் உறவினர்கள் உறுதியாக நம்புகிறார்கள். 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் மருத்துவரின் சேவைக்கும் மருத்துவமனைச் சிகிச்சைக்கும் பொறுப்பேற்கிறது. மருத்துவமனைக்கு வெளியே மருந்துக்கடையில் வாங்கும் மருந்துக்கும், பல்லுக்கும், மூக்குக்கண்ணாடிக்கும் பொறுப்பேற்கவில்லை. வேலை தருகிறவரின் காப்புறுதியோ மாகாணத்தின் ஏதாவதொரு உதவித் திட்டமோ கைகொடுத்தால் சரி, இல்லையென்றால் சொந்தப் பணம். அண்மையில் தொடங்கிய கூட்டரசின் பல் மருத்துவத் திட்டமும் தனியார் காப்புறுதி இல்லாத, ஆண்டுக் குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைந்தவர்களுக்குத்தான். ஒன்ராறியோவில் அம்புலன்ஸில் மருத்துவமனைக்குப் போனால் 45 டொலர் கட்ட வேண்டும். அவ்வளவு அவசரம் இல்லை என்று மருத்துவர் கருதினால் அது 240 டொலர் ஆகும். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் துண்டெடுத்து, வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்த்து, மருந்தையும் அங்கேயே காசில்லாமல் வாங்கி வருகிற என் சித்தியிடம் இதைச் சொன்னபோது, நான் பணக்கஷ்டத்தை மறைத்துப் பேசுகிறேன் என்று நினைத்து ஆறுதல் கூறினார்.

இந்த முறை கனேடியரின் இரக்க குணத்திலிருந்து தானாக முளைத்தது என்பதும் சரியல்ல. சஸ்காச்சுவான் மாகாணத்தில், அதன் முதல்வராக இருந்த டொமி டக்ளஸ் முன்னெடுத்த பொது மருத்துவக் காப்புறுதி 1962 ஜூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, அம்மாகாண மருத்துவர்களில் பெரும்பாலோர் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தச் சண்டையில் அரசு பின்வாங்கியிருந்தால் இன்று எங்கள் கைப்பையில் சுகாதார அட்டை இருந்திருக்குமா என்பது ஐயமே. அதே டக்ளஸை 2004இல் தொலைக்காட்சி வாக்கெடுப்பு ஒன்றில் மிகச் சிறந்த கனேடியராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி, மன்னிப்புக் கேட்கும் கனேடியர். பேருந்தில் ஒருவரின் காலை மிதித்தால் மிதிபட்டவரே மன்னிப்புக் கேட்பார் என்பது பழைய நகைச்சுவை. ரொறன்ரோவில் காலை நேரச் சுரங்க ரயிலில் பயணம் செய்திருப்பவர்கள் அதற்கு அவ்வளவு எளிதில் சிரிக்க மாட்டார்கள். ஆயினும் மன்னிப்புக் கேட்பதற்கு இங்கே சட்டமே இருக்கிறது என்பது உண்மை. பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலும் ஒன்ராறியோ 2009இலும் இயற்றிய சட்டங்களின்படி, ஒருவர் வருத்தம் தெரிவித்ததைச் சிவில் வழக்கில் அவருடைய குற்ற ஒப்புதலாகக் கொள்ள முடியாது. வருத்தம் தெரிவித்தால் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சி மருத்துவர்களும் நிறுவனங்களும் வாயை மூடிக்கொண்டிருந்த நிலையை மாற்றவே அவை வந்தன. மன்னிப்பு எல்லோருக்கும் இயல்பாக வருகிற சமூகத்தில் இப்படியொரு பாதுகாப்பு தேவைப்பட்டிருக்காது.

அரசு கேட்ட மன்னிப்புகளை வரிசைப்படுத்தினால் இன்னொரு வரலாறு தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது மேற்குக் கரையிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றி, அவர்களுடைய வீடுகளையும் படகுகளையும் விற்றுவிட்டதற்காக 1988இல் கேட்டார்கள். சீனர்களிடம் மட்டும் தலைவரி அறவிட்டு, அந்த வரியை 1903இல் 500 டொலர் வரை உயர்த்தி, அதுவும் போதாதென்று 1923 முதல் 1947 வரை அவர்களின் குடிவரவையே ஏறக்குறைய முற்றாகத் தடுத்ததற்காக 2006இல் கேட்டார்கள். முதற்குடி மக்களின் ஏறத்தாழ 150,000 பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, உண்டுறைப் பள்ளிகளில் அடைத்து, அவர்களின் மொழியையும் வழக்கங்களையும் அழிக்க முயன்றதற்காக 2008 ஜூன் 11ஆம் திகதி பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் கேட்டார். அந்தப் பள்ளிகளில் கடைசியானவை மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான். 1914இல் கோமகாட்டா மாரு கப்பலில் வந்த 376 இந்தியரில் ஏற்கெனவே இங்கு குடியிருந்த சிலரைத் தவிர மற்றவர்களை வன்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதங்கள் இறங்கவிடாமல் வைத்திருந்து திருப்பி அனுப்பியதற்காக 2016இல் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ கேட்டார். அவர்கள் பிரித்தானியப் பேரரசின் குடிமக்கள். ஆனால் பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் பயணம் செய்து வர வேண்டும் என்று 1908இல் இயற்றிய ஒரு விதியைக் காட்டி மறுத்தார்கள். இந்தியர் என்ற சொல்லை எழுதாமலேயே இந்தியரைத் தடுக்கும் விதி அது. அதையும் பணிவாகவே எழுதியிருந்தார்கள்.

கப்பல் என்றதும் எங்கள் கதையும் வந்துவிடுகிறது. 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூஃபவுண்லாந்துக்கு அப்பால் மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். அவர்களுக்குத் தங்கி வேலை செய்ய அரசு ஓராண்டு அனுமதி வழங்கியது. கனேடியரின் நல்ல மனத்துக்குச் சான்றாக எங்கள் மேடைகளில் ஆண்டுதோறும் சொல்லப்படும் கதை இதுதான். அந்த மீனவர்களைப் பொறுத்தவரை அது முழு உண்மை. ஆனால் வந்தவர்கள் முதலில் சொன்னதுபோல் இந்தியாவிலிருந்து அல்ல, மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள் என்று தெரிந்ததும் நாடெங்கும் கோபம் எழுந்தது என்ற பகுதி மேடைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

2010 ஆகஸ்டில் 492 தமிழருடன் சன் சீ கப்பல் வன்கூவர் தீவின் எஸ்குவிமால்ட் துறைமுகத்தை அடைந்தபோது, கப்பல் கரை சேரும் முன்னரே அதில் ஆட்கடத்துகிறவர்களும் புலிகளும் இருக்கக்கூடும் என்று அரசு பேசத் தொடங்கியிருந்தது. வந்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். பலர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார்கள். கூட்டமாக வந்திறங்குகிறவர்களைக் கட்டாயமாகத் தடுத்துவைக்க வழிசெய்யும் சட்டத்தை அரசு 2012இல் நிறைவேற்றியது. 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றமோ, தப்பியோடும் வழியில் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டவர்களையும் சொந்தக் குடும்பத்தாருக்கு உதவியவர்களையும் ஆட்கடத்தல் குற்றவாளிகளாக நடத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. மீனவர், அமைச்சர், நீதிபதி என மூவருமே கனேடியர்கள்தான். இவர்களில் யாரைப் பார்த்து ஒரு மக்களின் குணத்தைத் தீர்மானிப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கப்பல் வந்த 2010இல் ஸ்காபரோவில் சில குடும்ப விருந்துகளில், வரிசையில் நிற்காமல் குறுக்கே புகுந்தவர்கள் என்று சன் சீ பயணிகளைப் பற்றிப் பேசியவர்களையும் கண்டேன். பேசியவர்களில் சிலர் எண்பதுகளின் பிற்பகுதியில், பிறருடைய கடவுச்சீட்டில் விமானம் ஏறி, ரொறன்ரோ விமான நிலையத்தில் அடைக்கலம் கேட்டவர்கள். தட்டில் இருந்த கொத்து ரொட்டியைத் தவிர, மற்ற எல்லா வகையிலும் அவர்கள் அன்றைக்குச் சராசரிக் கனேடியர் ஆகிவிட்டிருந்தார்கள்.